பழைய லாண்ட்மாஸ்டர்: எந்த முறைப்பாட்டுக்கு எங்கே கை வைப்பது

இலங்கையின் வன்னியில் இரண்டு சில்லு உழவு இயந்திரம் எந்த நாட்டில் பிறந்திருந்தாலும் அதற்குப் பெயர் லாண்ட்மாஸ்டர். குபோட்டாவும் லாண்ட்மாஸ்டர், யன்மாரும் லாண்ட்மாஸ்டர், அண்மையில் வந்திறங்கிய சீன மெசினும் லாண்ட்மாஸ்டர். பெயருக்குச் சொந்தமான மெசின் 1950களில் இங்கிலாந்தின் நொட்டிங்காம் பக்கம் தயாரிக்கப்பட்டது. அதன் பின்னால் இருந்தவர் ரே விஜேவர்தன என்ற நம் நாட்டுப் பொறியியலாளர். எருமையின் இடத்தில் இரும்பை இறக்கியது நிலத்துக்கு நன்மைதானா என்று பின்னாளில் அவரே கேட்டார். அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். கொட்டிலில் கிடக்கும் மெசினைக் காலபோக மழைக்கு முன் ஓடவைப்பதுதான் இங்கே வேலை.

நான் சொல்வதெல்லாம் ஒற்றைச் சிலிண்டர் கிடையாகப் படுத்திருக்கும், கையால் சுழற்றி ஸ்டார்ட் செய்யும் பழைய டீசல் மெசின்களுக்குப் பொருந்தும். "மெசின் பழுது" என்று வந்து நிற்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: சூட்டிலா, குளிரிலா? சுமையோடா, சும்மா நிற்கும்போதா? இதற்குப் பதில் கிடைக்கும்வரை ஸ்பானரைத் தொடுவதில்லை.

சுழற்றுக்கம்பி அசையவே இல்லை

இது பெரும்பாலும் வெளியே கிடந்து வந்த மெசின். 2009இல் விட்டுவிட்டு வந்தவை, பொலித்தீனால் சுற்றிப் புதைத்தவை, மீள்குடியேறியபின் பற்றைக்குள் கண்டெடுத்தவை. பற்றைக்குள் இன்னும் கிடக்கும் மெசினை எடுக்கப் போகிறவர்கள், அந்தக் காணியில் கண்ணிவெடி அகற்றி முடித்துவிட்டார்கள் என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இரும்புக்காகக் காலைக் கொடுக்க வேண்டாம்.

மெசின் வீட்டுக்கு வந்ததும் செய்யக் கூடாதது ஒன்று இருக்கிறது. பெரிய உழவு இயந்திரத்தில் கயிறு கட்டி, கியரைப் போட்டு இழுப்பது. பத்துப் பேர் கூடினால் அதில் ஒருவர் கட்டாயம் இந்த யோசனையைச் சொல்வார். இறுகிய பிஸ்டன் ரிங் உடையும், இல்லையென்றால் கனெக்டிங் ரொட் வளையும். கழுவினால் போகவேண்டிய துரு, உதிரிப்பாகச் செலவாக மாறிவிடும்.

முதலில் அடியில் இருக்கும் ஒயில் போல்ட்டை அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். ஒயிலைவிடத் தண்ணீர் பாரம். எஞ்சினுக்குள் மழைநீர் போயிருந்தால் முதலில் கசிவது தெளிந்த தண்ணீராக இருக்கும், பிறகு கஞ்சி நிறத்தில் ஒன்று வரும், கடைசியில்தான் கறுப்பு. எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதைப் பார்த்தாலே பெயாரிங்குகளின் நிலை பாதி தெரிந்துவிடும். எல்லாவற்றையும் வடித்துவிட்டு, சிலிண்டருக்குள் டீசலைத் தூறலாகப் பீச்சும் நொசிலைக் கழற்றுங்கள். டீசலும் எஞ்சின் ஒயிலும் சரிபாதி கலந்து அந்த ஓட்டையால் ஊற்ற வேண்டும். சிலிண்டர் படுத்திருப்பதால் ஊற்றியது கீழ்ப்பக்கத்தில் மட்டும் தேங்கும், மேற்பக்கத்துத் துரு உலர்ந்தே கிடக்கும். பலர் ஒரு வாரம் காத்திருந்தும் பலன் இல்லை என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். சிலிண்டரின் மூடியான ஹெட் மேலே பார்க்கும்படி மெசினைச் சாய்த்துக் கல் வைத்து முட்டுக்கொடுத்துவிட்டு ஊற்றுங்கள்.

நாளுக்கு ஒருமுறை ஃபிளைவீலைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். நான் முத்தையன்கட்டுப் பக்கம் வாங்கிய குபோட்டா பதினோராவது நாள் ஒரு நகத்தின் அகலம் நகர்ந்தது. அன்றைக்கு அதற்கு மேல் நான் அசைக்கவில்லை. மறுநாள் இரண்டு விரல் அகலம், அதற்கடுத்த நாள் முழுச் சுற்று. மூன்று வாரம் போயும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றுவதைத் தவிர வழியில்லை.

சுற்ற ஆரம்பித்தபின், நொசிலைப் பூட்டும் முன், உள்ளே ஊற்றியதை முழுக்க வெளியேற்றுங்கள். துணியை ஓட்டையின் மேல் போட்டுவிட்டுச் சுழற்றினால் பீச்சிக்கொண்டு வரும். மிச்சம் தங்கினால் பிஸ்டன் அந்தத் திரவத்தில் மோதி நிற்கும். திரவம் அமுங்காது, இரும்புதான் வளையும்.

சுழல்கிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை

என்னிடம் வரும் மெசின்களில் இந்த முறைப்பாடுதான் அதிகம். எஞ்சினைப் பிரிக்க வேண்டிய தேவை அதில் மிகக் குறைவு.

அமுக்கத்தை விடுவிக்கும் சிறு நெம்புகோலை அழுத்திக்கொண்டு, டீசல் நெம்புகோலை ஸ்டார்ட் நிலையில் வைத்து, மெதுவாகச் சுழற்றுங்கள். பேச்சை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். நொசில் நன்றாக வேலை செய்தால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை "க்ரீச்" என்று ஒரு சத்தம் வரும், பழைய கதவுக் கீல் முனகுவதுபோல. அந்தச் சத்தம் இருந்தால் டீசல் உள்ளே போகிறது. சத்தம் இல்லாவிட்டால் போகவில்லை. இந்த ஒரு பரிசோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை.

சத்தம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். டாங்கியிலிருந்து தொடங்கி டீசல் போகும் வழியே போங்கள். டாங்கியில் டீசல் இருக்கிறதா? சிரிக்காதீர்கள், நான் ஒருமுறை அரை நாள் இதில் இழந்திருக்கிறேன். டீசல் குழாயின் அடைப்பான் திறந்திருக்கிறதா? ஃபில்டரின் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றி வெயிலுக்கு எதிரே பிடியுங்கள். அடியில் பாதரசத் துளிபோல உருண்டு விளையாடுவது தண்ணீர். 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் கிடைத்ததையெல்லாம் பிளாஸ்ரிக் கலன்களில் சேர்த்துவைத்த பழக்கம் இன்னும் போகவில்லை. கலனின் அடியில் தேங்கிய ஈரமும் சளிபோன்ற அழுக்கும் டாங்கிக்குள் போகின்றன. கலனை ஒரு நாள் அசையாமல் வைத்து, அடியில் நாலு விரல் விட்டுவிட்டு மேலே இருப்பதை மட்டும் ஊற்றுங்கள்.

பிறகு காற்று. டீசல் பாதையில் காற்றுக் குமிழி இருந்தால் பம்ப் அந்தக் குமிழியைத்தான் அமுக்கிக்கொண்டிருக்கும். பம்பில் இருக்கும் காற்றுத் திருகைத் தளர்த்தி, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை ஓடவிட்டு இறுக்குங்கள். அடுத்து நொசிலுக்குப் போகும் உயரழுத்தக் குழாயின் நட்டை நொசில் பக்கம் தளர்த்திச் சுழற்றுங்கள். துடித்துத் துடித்து டீசல் வெளியே வந்தபின் இறுக்குங்கள். இப்போது அந்தக் "க்ரீச்" கேட்க வேண்டும்.

குழாய் வாயில் துடித்து வருகிறது, ஆனால் சத்தம் மட்டும் இல்லையென்றால் நொசிலைக் கழற்றி, வெளியே அதே குழாயில் பூட்டி, வெறும் நிலத்தைப் பார்க்கப் பிடித்துச் சுழற்றச் சொல்லுங்கள். குடைபோல விரிந்த புகைத்தூறலாக வந்தால் நல்லது. ஒரு பக்கமாகச் சீறினாலோ சொட்டினாலோ நொசில் போய்விட்டது. அந்தத் தூறலுக்குக் குறுக்கே விரலை வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய அடையாளம்தான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி நடந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நொசிலைத் திரும்பப் பூட்டும்போது அடியில் இருக்கும் செப்பு வாசரை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டுப் போடுங்கள், மெதுமையாகிப் பொருந்திக்கொள்ளும்.

சத்தமும் இருக்கிறது, ஆனாலும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அமுக்கத்தைப் பாருங்கள். நெம்புகோலைத் தொடாமல் சுழற்றுக்கம்பியை மெதுவாகத் தள்ளினால் ஓரிடத்தில் ரப்பர் பந்தை அழுத்துவதுபோல எதிர்த்து, பின்னுக்குத் தள்ள வேண்டும். அப்படி எதிர்க்காவிட்டால் முதல் சந்தேகம் அந்த நெம்புகோலின் மேல்தான். துருவேறி முழுக்கத் திரும்பாமல் வால்வைச் சற்றே திறந்து வைத்துக்கொண்டிருக்கும். அது சரியென்றால் நொசில் ஓட்டையால் இரண்டு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். எதிர்ப்பு கூடினால் ரிங் தேய்ந்திருக்கிறது. கூடாவிட்டால் வால்வு, அல்லது ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையில் இருக்கும் ஹெட் காஸ்கட்.

சுழற்றுகிறவர்களுக்கு ஒரு சொல். கம்பியைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களின் பக்கமே வையுங்கள். கம்பியைச் சுற்றிப் பிடித்தால், எஞ்சின் பின்னுக்கு உதைக்கும்போது மணிக்கட்டு கம்பியோடு போகும். எங்கள் பெரியப்பா இதை வாயால் சொல்லித் தரவில்லை. வளைந்து பொருந்திய தன் கட்டைவிரலைக் காட்டினார், அவ்வளவுதான்.

குளிரில் ஸ்டார்ட் ஆகிறது, சூட்டில் மறுக்கிறது

காலையில் ஒரே சுழற்றில் பிடிக்கும். பத்து மணித் தேநீருக்கு நிறுத்தினால் பிறகு மத்தியானம்வரை கும்பிட வேண்டியதுதான். சூடான டீசல் நீர்த்துப்போவதால் பம்புக்குள் டீசலைத் தள்ளும் பிளஞ்சர் தேய்ந்திருந்தால் அதன் ஓரத்தால் கசிந்துவிடுகிறது. பழைய துணியை நனைத்து டீசல் பம்பின் மேல் மட்டும் சுற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். அதன்பின் ஸ்டார்ட் ஆனால் பம்ப்தான் குற்றவாளி. ஹெட்டின் மேல் தண்ணீர் படக் கூடாது, வெடித்துவிடும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயைக் கலந்து ஓட்டிய மெசின்களில் இந்தத் தேய்மானத்தை எதிர்பார்க்கலாம். மண்ணெண்ணெய்க்கு டீசலின் வழுவழுப்பு கிடையாது. அன்றைக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

நன்றாக ஓடி, சிறிது நேரத்தில் தானாக அணைகிறது

பத்து நிமிடம் ஓடும், மூச்சுத் திணறி நிற்கும், சற்றுப் பொறுத்தால் மீண்டும் ஓடும். எனக்கு இது நடந்தபோது ஒரு கராஜில் புது நொசிலும் ஃபில்டரும் போட்டுப் பதினெட்டாயிரம் ரூபாய் வாங்கினார்கள். வயலுக்குப் போய்ப் பத்தாவது நிமிடம் மெசின் நின்றது. கோபத்தில் டாங்கி மூடியைத் திறந்தேன். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்துக்கொண்டு போனது. மூடியில் இருக்கும் ஊசித்துளையைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டாங்கி டீசலை விடாது. துடைப்பக் குச்சி ஒன்று போதுமாக இருந்தது. இப்போது கொட்டிலில் நிற்கும்போது மூடியையும் சைலன்சர் வாயையும் சீலைத்துண்டால் கட்டிவைக்கிறேன். குளவிக்குச் சைலன்சரும் பிடிக்கும்.

புகை

கறுப்புப் புகை என்றால் டீசல் கூடுதல், காற்றுக் குறைவு. புழுதி உழவுக் காலத்தில் ஒவ்வொரு நாளும் ஏர் கிளீனரைத் திறந்து அடியில் இருக்கும் ஒயிலைப் பாருங்கள். எங்கள் செம்மண் அதைக் களியாக்கி வைத்திருக்கும். கழுவிப் புது ஒயில் விடும்போது குறியீட்டுக்கு மேலே போக வேண்டாம். கூடுதலாக விட்டால் எஞ்சின் அதைக் குடித்துவிடும்.

நீலப் புகை ஒயில் எரிவது. வெள்ளைப் புகை குளிரில் சற்று வந்து மறைந்தால் கவலை இல்லை. சூடான பிறகும் வந்தால், கண்ணை எரித்தால் எரியாத டீசல், எரிக்காமல் ஈரமாக இருந்தால் தண்ணீர்.

இரண்டு ஆபத்துகளை மனப்பாடமாக வைத்திருங்கள். ஒன்று, நெம்புகோலைக் குறைத்தும் எஞ்சின் கேட்காமல் வேகம் ஏறிக்கொண்டே போவது. உள்ளே ஒயில் மட்டம் கூடிப்போய் அதையே எரித்து ஓடுகிறது; டீசலை மூடினாலும் நிற்காது. காற்று உள்ளே போகும் வாயைப் பலகைத் துண்டாலோ மடித்த சாக்காலோ அடையுங்கள், கையால் வேண்டாம். இதற்குப் பிறகு ஒயில் குச்சியை மணந்து பாருங்கள்; டீசல் வாடை அடித்தால் பம்ப் உள்ளே கசிகிறது. மற்றது, அரைகுறையாகச் சுழற்றும்போது எஞ்சின் பின்பக்கமாக ஓடத் தொடங்குவது. சைலன்சரில் வரவேண்டிய புகை ஏர் கிளீனரில் வரும், சத்தமும் கரடுமுரடாக இருக்கும். அந்த நிலையில் ஒயில் பம்ப் வேலை செய்யாது. ஒரு கணமும் யோசிக்காமல் நிறுத்துங்கள்.

கொதிக்கிறது

மேலே திறந்த தொட்டி வைத்த சீன மெசின்களில் தண்ணீர் கொதித்து ஆவியாவது நோய் அல்ல, அதன் இயல்பே அதுதான். சிவப்பு மிதவை இறங்கினால் தண்ணீர் விடுங்கள். ரேடியேற்றர் உள்ளவை கொதித்தால்தான் தேட வேண்டும். சூடடிப்புக்குப் பிறகு என்றால் இதழ்களுக்குள் வைக்கோல் தூளும் பதரும் அடைந்திருக்கும். மின்விசிறிப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஊதி எடுங்கள்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் வெள்ளைப் படையைக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படை எஞ்சினுக்குள்ளும் கட்டுகிறது. கடையில் விற்கும் எலுமிச்சை உப்பை, லீற்றருக்கு 50 கிராம் அளவில் கரைத்து விட்டு, அரை மணித்தியாலம் மெதுவாக ஓடவிட்டு ஆறிய பின் வடித்து, நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று தரம் கழுவுங்கள். அதற்குப் பிறகு மழைநீர் மட்டும். மாரியில் நாலு போத்தல் பிடித்துவைப்பதில் என்ன கஷ்டம்?

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த உடனேயே ரேடியேற்றருக்குள் விடாமல் குமிழி வந்தால் ஹெட் காஸ்கட் போய்விட்டது.

எஞ்சின் முழங்குகிறது, மெசின் இழுக்கவில்லை

பெல்ட்டைக் கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் 2 முதல் 3 சென்ரிமீற்றர் தாழ வேண்டும். அதற்கு மேல் தாழ்ந்தால் எஞ்சினை முன்னுக்குத் தள்ளி இறுக்குங்கள். இறுக்கியும் வழுக்கினால் கப்பியின் பள்ளத்தைப் பாருங்கள். பெல்ட் பிடிப்பது பள்ளத்தின் இரு சுவர்களில்தான். அடித்தளம் கண்ணாடிபோல மினுங்கினால் பெல்ட் அடியில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். இரண்டு மூன்று பெல்ட்டில் ஒன்று அறுந்தாலும் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். புதியது ஒன்றும் நீண்டுபோன பழையது இரண்டும் சேர்ந்தால் சுமை முழுவதையும் புதியதே தாங்கி, அதுவும் விரைவில் போகும்.

பெல்ட் சரியென்றால் கிளச். ஒயில் பட்ட தட்டைப் பெற்றோலால் கழுவி மணல்தாளால் சுரண்டினால் கொஞ்ச நாள் ஓடும், ஆனால் ஒயிலைக் கசியவிட்ட சீல் வளையத்தை மாற்றாமல் இதைச் செய்வது வீண். கியர் தானாக நழுவுவதும் பெரும்பாலும் உள்ளே ஸ்பிரிங் களைத்ததாலோ பல் உருண்டதாலோதான். அதை வீட்டில் திறக்க வேண்டாம்.

ஒரு பக்கம் திரும்பவில்லை, அல்லது எதிர்ப்பக்கம் திரும்புகிறது

கைபிடியின் கீழே இருக்கும் நெம்புகோலை இழுத்தால் அந்தப் பக்கச் சில்லுக்குப் போகும் சக்தி அறுகிறது, மற்றச் சில்லு தள்ளுவதால் மெசின் திரும்புகிறது. நீண்ட நாள் நின்ற மெசினில் கம்பி துருவேறி இறுகியிருக்கும். ஒயில் விட்டு ஆட்டினால் பெரும்பாலும் இளகும்.

எதிர்ப்பக்கம் திரும்புவது பழுதே அல்ல. குளக்கட்டிலிருந்து இறங்கும்போது நினைத்துப் பாருங்கள். இடது நெம்புகோலை இழுக்கிறீர்கள். இறக்கத்தில் மெசினைத் தள்ளுவது எஞ்சின் அல்ல, பாரம். எஞ்சின் சில்லுகளைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. இடதுசில்லை விடுவித்ததும் அது சுதந்திரமாக முன்னுக்கு ஓடுகிறது, வலதுசில்லு பிடியில் நிற்கிறது. மெசின் வலது பக்கம் பாய்கிறது. பின்னால் மாட்டி இழுக்கும் பெட்டியில் நெல் மூட்டையோடு இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. செங்குத்தான இறக்கத்தில் அந்த நெம்புகோல்களைத் தொடாதீர்கள். சிறிய கியரில், உடம்பால் கைபிடியைத் தள்ளித் திருப்புங்கள். இரவல் வாங்கிப் போகிற இளையவர்களுக்கு நான் சுழற்றுக்கம்பியைக் கொடுக்கும் முன் இதை வாயால் சொல்லவைத்துக் கேட்பேன்.

ரொட்டவேற்றர்

உழுத வழியின் நடுவில் மேடு கட்டினால் ரொட்டவேற்றரின் சுழலும் கத்திகள் எல்லாம் உள்நோக்கி வளைந்து நிற்கின்றன. நடுவில் வாய்க்கால் விழுந்தால் வெளிநோக்கி. இடக்கத்தி, வலக்கத்தி என்று இரண்டு வகை உண்டு, அவை மாறி மாறி வர வேண்டும். கழற்றும் முன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்தால் தலையிடி இல்லை. புதுக் கத்தி போட்டால் ஒரு மணித்தியாலம் உழுதபின் எல்லா நட்டையும் மீண்டும் ஒருமுறை இறுக்குங்கள்.

அதிர்வும் சூடும் கூடினால் தண்டின் இரு முனைகளையும் பாருங்கள். நைலோன் கயிறு, உரப்பை நார், எங்கள் காணிகளில் முள்கம்பி. அவை சுற்றிச் சுற்றி ஒயில் சீலுக்குள் நுழைந்து அதை அறுத்துவிடுகின்றன. பிறகு சேற்று உழவில் தண்ணீர் உள்ளே போகும். ஒயில் பால்விட்ட தேநீர்போல வந்தால் தெரிந்துகொள்ளலாம். உடனே வடித்து, சீலை மாற்றி, 90ஆம் இலக்க கியர் ஒயில் விடுங்கள். தண்டில் சீல் உரசிய இடத்தில் விரல் நகம் மாட்டும் அளவுக்குத் தடம் விழுந்திருந்தால் புதுச் சீலும் நிற்காது.

கத்திக்குள் கை வைக்கும் முன் எஞ்சினை நிறுத்துங்கள், கிளச்சை நம்பாதீர்கள். பின்னுக்கு எடுக்கும்போது ரொட்டவேற்றர் சுழலாதபடி அதன் கியரைக் கட்டாயம் விடுவித்துவிட வேண்டும். பின்னால் இருப்பது உங்கள் கால்தான்.

இரும்புச் சில்லும் பெட்டியும்

இரும்புச் சில்லின் பல் தரையில் குத்தும் பக்கம் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மாறிப் பூட்டினால் சேற்றில் மெசின் ஒரு பக்கம் இழுக்கும். இரும்புச் சில்லோடு தார் வீதியில் ஏறினால் அச்சு பெயாரிங்கும் வீதியும் சேர்ந்து போகும்.

பெட்டியை மாட்டும் ஊசி தேய்ந்து நடுவில் இடை ஒடுங்கியிருந்தால் எறிந்துவிடுங்கள். அந்த இடத்தில் போல்ட் போட்டு ஓட்டுகிறவர்களை ஏ9 வீதியில் தினமும் பார்க்கிறேன். பெட்டியின் பின்னால் சிவப்பு ஒளித்தெறிப்பு இல்லாமல் இருட்டில் எடுக்கவும் வேண்டாம்.

பெயின்ற் அடிப்பதைப் பற்றிப் பலர் முதலாவதாகக் கேட்கிறார்கள். அது கடைசி வேலை. அதிலும் சட்டத்தில் வெட்டியிருக்கும் இலக்கத்தைத் தேய்த்துவிடாமல், அந்த இடத்துக்கு மட்டும் கிறீஸ் தடவி விட்டுவிடுங்கள். இடப்பெயர்வில் பதிவுப் புத்தகம் தொலைந்தவர்களுக்கு மெசின் தங்களுடையது என்று காட்ட அந்த இலக்கம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும்.